வீட்டுக்குள்ளே ஒரு செக்போஸ்ட் போட்ட கதை

2023 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த கையோடு எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீடு. பெரியவன் பத்தாவது, சின்னவள் ஏழாவது, அப்புறம் நான், மனைவி, அம்மா. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. என்று எண்ணி எண்ணிச் செலவழித்த வீட்டில் அணை திறந்த மாதிரி இணையம் பாய்ந்தது. ஆடி பிறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னவள் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, தோழி அனுப்பிய சுட்டியில் ஓசிப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். குறுக்கே ஒரு விளம்பரம் வந்தது. என்ன மாதிரி விளம்பரம் என்று சொல்லத் தேவையில்லை. அவள் டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு என்னைத்தான் முதலில் பார்த்தாள். தப்பு செய்தவள் போல முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பார்வையில் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் போனது. அடுத்த ஐந்து மாதம் நான் செய்த கூத்துக்கெல்லாம் அதுதான் ஆரம்பம்.

எனக்குத் தம்புச்செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. துறைமுகத்துக்கு வரும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போடுவோம். அலுவலகக் கம்ப்யூட்டரில் வேண்டாத தளம் எதையாவது தட்டினால் ‘அனுமதி இல்லை’ என்று பளிச்சென்று ஒரு பக்கம் வரும். அதே மாதிரி வீட்டுக்கும் போடலாமா என்று எங்கள் சிஸ்டம் பார்க்கும் தம்பியைக் கேட்டேன். “சின்ன வேலைண்ணே, ஒரு பழைய பி.சி. வாங்கிடுங்க, ஸ்குவிட் போட்டுத் தர்றேன்” என்றான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி 4,800 ரூபாய்க்கு ஒரு பழைய பி.சி. வாங்கினேன். நெட் ஒயர் சொருக இரண்டாவது லேன் கார்டு ஒன்று 400. தம்பிக்கு 3,500. வீட்டுக்காரி “இன்னாங்க இது, ஃபேன் மாதிரி சத்தம் போடுது” என்றதைத் தவிர அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஸ்குவிட் ஒரு பிராக்ஸி மென்பொருள். பிராக்ஸி என்பது எங்கள் தொழில் மாதிரிதான். இறக்குமதி செய்பவர் நேராகத் துறைமுகத்துக்குப் போவதில்லை, அவருக்காக நாங்கள் போகிறோம். அதுபோல வீட்டில் உள்ள போன் நேராக இணையத்துக்குப் போகாமல் இந்தப் பெட்டியிடம் கேட்கும், பெட்டி போய் வாங்கி வந்து கொடுக்கும். நடுவில் நிற்பதால் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று அதற்குப் பட்டியல் கொடுத்துவிடலாம். பிரான்ஸில் துலூஸ் பல்கலைக்கழகம் ஆபாசம், சூதாட்டம் என்று வகை பிரித்து இலவசமாகத் தரும் தடைப்பட்டியல் ஒன்று இருக்கிறது. தம்பி அதை ஏற்றினான். பிறகு ஒவ்வொரு போனிலும் வைஃபை அமைப்புக்குள் போய், பிராக்ஸி என்ற இடத்தில் பெட்டியின் முகவரியையும் 3128 என்ற போர்ட் எண்ணையும் அடித்தோம். குரோமில் ஒரு சூதாட்டத் தளத்தைத் தட்டினோம். தடை! நான் கை தட்டாத குறை.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. பையன் போனில் யூடியூப் ஆப், விளையாட்டு ஆப்கள் எல்லாம் பெட்டியைக் கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஆண்ட்ராய்டில் பிராக்ஸி எண் அடிக்கும் அதே திரையில், ‘இதைப் பிரவுசர் பயன்படுத்தும், மற்ற ஆப்கள் பயன்படுத்தாமலும் போகலாம்’ என்று ஒரு வரி இருக்கிறது. நான்கு போனில் அடித்தும் நான் அதைப் படிக்கவில்லை. அம்மா சீரியல் பார்க்கும் டி.வி.யில் பிராக்ஸி போட இடமே இல்லை. போனில் கையால் பிராக்ஸி போடுவது என்பது வாசலில் ‘உள்ளே வராதீர்’ என்று போர்டு மாட்டுகிற மாதிரி. மதிப்பவர் மதிப்பார். அதற்காக மெனக்கெட வேண்டாம்.

தம்பியைத் திரும்ப அழைத்தேன். இந்த முறை பெட்டியை வாசலிலேயே உட்கார வைத்தான். ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டியிலிருந்து வரும் ஒயர் பி.சி.க்குள் போகும், பி.சி.யின் இரண்டாவது லேன் கார்டிலிருந்து எங்கள் வைஃபை ரவுட்டருக்கு வரும். வீட்டுப் போக்குவரத்து மொத்தமும் அந்த ஒரே வழியாகத்தான். அப்போதும் யூடியூப் மட்டும் கணக்கில் வராமல் ஓடியது. இதற்கு ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம் க்விக் என்ற புதிய வழி. கூகுள் சேவைகளும் குரோமும் டி.சி.பி. என்ற வழக்கமான பாதையை விட்டுவிட்டு, யு.டி.பி. என்ற இன்னொரு பாதையில் 443ஆம் போர்ட் வழியாகப் போய்விடும். எங்கள் பெட்டி டி.சி.பி.யை மட்டும் மறித்துக்கொண்டு நின்றது. முன்வாசலில் வாட்ச்மேன், பின்வாசல் பப்பரப்பா என்று திறந்து கிடந்தது. யு.டி.பி. 443ஐ அடைத்ததும் எல்லாம் பழைய வழிக்கே திரும்பி வந்தது. பிராக்ஸி வைத்தும் எதுவும் தடைபடவில்லை என்று திணறுகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

இப்போதுதான் பெரிய இடி. போக்குவரத்து எல்லாம் பெட்டி வழியாகப் போகிறது, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரியவில்லை. துறைமுக பாஷையில் சொன்னால், கன்டெய்னர் என் முன்னால்தான் போகிறது, ஆனால் சீல் வைத்திருக்கிறது. மேலே எழுதிய பெயரை மட்டும்தான் படிக்கலாம். ஸ்குவிட் 1996இல் வந்த மென்பொருள். அன்றைக்கு இணையப் பக்கங்கள் திறந்த லாரியில் போன சரக்கு, பிராக்ஸி ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பார்க்கலாம். இன்று ஏறக்குறைய எல்லாத் தளமும் எச்.டி.டி.பி.எஸ். என்ற ரகசியக் குறிமுறையில் சீல் வைத்துத்தான் வருகிறது. யூடியூபுக்குப் போகிறான் என்பது வரைக்கும் தெரியும், எந்தக் காணொளி என்று தெரியாது. யூடியூபை மொத்தமாக அடைக்கலாம், இல்லை மொத்தமாக விடலாம். பையனுக்குக் கணக்குப் பாடமே யூடியூபில்தான், எப்படி அடைப்பது? நான் பார்த்துக் கற்றுக்கொண்ட காணொளிகள் எல்லாம் பழசு என்பதும் அப்போதுதான் உறைத்தது. பிராக்ஸி பற்றி எதைப் படித்தாலும் அது எந்த வருஷம் எழுதியது என்று முதலில் பாருங்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்குச் செலவு 8,700.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மூக்கறுந்த ரோஷம் விடவில்லை. “சீலை உடைச்சுப் பார்த்துட்டு நம்ம சீலை வெச்சு அனுப்பலாம்ணே” என்றான் தம்பி. எஸ்.எஸ்.எல். பம்ப் என்று அதற்குப் பெயர். ஒரு தளம் தான் யார் என்று நிரூபிக்கக் காட்டும் சான்றிதழைப் பெட்டி தானே போலியாகத் தயாரித்து, வங்கித் தளமோ கூகுளோ எதுவானாலும் ‘நான்தான் அது’ என்று போனிடம் நடிக்கும். போன் அதை நம்புவதற்கு, அந்தச் சான்றிதழ்களுக்கெல்லாம் ஜாமீன் நிற்கும் நம்முடைய மூலச் சான்றிதழை ஒவ்வொரு போனிலும் ஏற்ற வேண்டும். இன்னொரு 2,000 ரூபாய், இன்னொரு ஞாயிறு. ஏற்றி முடித்த மறுநாள் காலை நான் அலுவலகத்தில். வாசலில் காஸ் சிலிண்டர் வந்து நிற்கிறது. மனைவி ஜிபே திறக்கிறாள், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வங்கி ஆப்பைத் திறக்கிறாள், ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று மூடிக்கொள்கிறது. சிலிண்டர்காரர் “யக்கா, இன்னும் பதினைஞ்சு வீடு கீதுக்கா” என்று நிற்கிறார். அவள் கடுப்பில் வைஃபையை அணைத்தாள். மொபைல் டேட்டாவில் பணம் சட்டென்று போய்விட்டது.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது திட்டு விழுந்தது, அது பெரிதில்லை. “வைஃபையை ஆஃப் பண்ணா எல்லாமே நல்லா வருதுங்க” என்று அவள் சத்தமாகச் சொன்னாள். இரண்டு பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போட்டுக் கட்டிய செக்போஸ்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சந்து இருப்பதை என் வீட்டுக்காரியே விளக்குப் போட்டுக் காட்டிவிட்டாள். பெரியவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தான். வீட்டு வைஃபையில் நீங்கள் எது வைத்தாலும், சிம் உள்ள போனுக்கு அது பொருந்தாது. இதை நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

வங்கி ஆப் ஏன் முறைத்துக்கொண்டது என்றால், ஆண்ட்ராய்டு 7லிருந்து, நாம் கையால் ஏற்றும் சான்றிதழை ஆப்கள் தாமாக நம்புவதில்லை. பிரவுசர் நம்பும், ஆப் நம்பாது. அது சரியும்கூட. திருடனும் இதே வேலையைத்தான் செய்வான். ஆகவே வங்கிகளையும் யு.பி.ஐ.யையும் வாட்ஸ்அப்பையும் ‘உடைக்காதே’ என்று விலக்குப் பட்டியலில் போட வேண்டும். ஒரு ஆப்புக்கு ஒரு முகவரி என்றால் பரவாயில்லை, ஒவ்வொன்றும் ஏழெட்டுப் பெயரில் போகிறது. தினமும் அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பட்டியலில் பெயர் சேர்ப்பேன். ஒரு மாதத்தில் விலக்குப் பட்டியல் நீண்டு, உடைத்துப் பார்ப்பதற்கு மிச்சம் இருந்ததே குரோம் ஒன்றுதான்.

அந்தக் குரோமுக்காக இ2கார்டியன் என்று ஒன்றையும் போட்டோம். இணையப் பக்கத்தில் உள்ள சொற்களைப் படித்து மதிப்பெண் போட்டு, வரம்பைத் தாண்டினால் தடுக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு 50, கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு 100, இளைஞர்களுக்கு 160 என்று வரம்பு வைக்கச் சொல்வார்கள். நான் கறாராக 50 வைத்தேன். பெரியவனுக்குப் பத்தாம் வகுப்பு அறிவியலில் தாவரங்கள், விலங்குகளில் இனப்பெருக்கம் என்று ஒரு பாடம். ஆங்கிலத்தில் விளக்கம் தேடினான். தடை. என் மனைவி மார்பகப் பரிசோதனை பற்றி ஏதோ படிக்கப் போனாள். தடை. அவள் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானாகத் தெரிந்துகொண்டபோது ரொம்பவும் கூச்சமாக இருந்தது. சரி, தமிழில் கெட்ட வார்த்தை நிறைந்த ஒரு பக்கத்தைச் சோதனைக்காகத் திறந்து பார்த்தேன். சிவப்புக் கம்பளம் விரிக்காத குறையாக உள்ளே விட்டது. நாங்கள் ஏற்றிய சொற்பட்டியலில் தமிழே கிடையாது. எங்கள் தெருக்குழாயடியில் ஒரு நாளைக்குப் புழங்கும் சொற்களில் கால்வாசிகூட அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

அடுத்தது எழுதக் கஷ்டமாக இருக்கிறது. பெட்டி ஒவ்வொரு போக்குவரத்தையும் லாக் என்ற கோப்பில் எழுதி வைக்கும். எந்தச் சாதனம், எந்த முகவரி, எத்தனை மணிக்கு. ஆரம்பத்தில் தடை வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன். பிறகு தினமும் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு திறந்து படிப்பது பழக்கமாகிவிட்டது. அக்டோபரில் ஒரு நாள், பெரியவன் போனிலிருந்து 20:50க்கு வரிசையாக ஏதேதோ பெயர்கள். லாக்கில் இருப்பது கிரீன்விச் நேரம், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். கூட்டினால் விடியற்காலை இரண்டு இருபது. பத்தாவது படிக்கிற பையன் இரண்டு இருபதுக்குப் போனில் என்ன செய்கிறான்? அவனை எழுப்பி உட்கார வைத்துக் கத்தினேன். “நான் தூங்கிட்டுத்தான்ப்பா இருந்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அம்மா எழுந்து வந்து “ஏண்டா நடுராத்திரியில புள்ளைய அழ வைக்கிற” என்றார்.

மூன்று நாள் கழித்துத் தம்பியிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, “அண்ணே, நான் லாக்கை இந்திய நேரத்துக்கே மாத்தி வெச்சிருக்கேனே” என்றான். 20:50 என்றால் ராத்திரி எட்டு ஐம்பது. எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். போன் சார்ஜில் கிடந்து தானாக ஆப்களைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயர்களும் அதற்கானவைதான். பீரோவைத் திறந்து போனைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவன் “பரவால்லப்பா” என்று வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு ரொம்ப நாள் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. லாக் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது: போன் கையில் இல்லாதபோதும் அது பத்து இடத்தோடு பேசிக்கொண்டே இருக்கும். முகவரி இருப்பதால் ஆள் பார்த்தான் என்று ஆகாது. நேரத்தை ஒரு முறை நீங்களே ஒரு தளத்தைத் திறந்து, கடிகாரத்தோடு ஒத்துப் பாருங்கள். அதைவிட, லாக் எழுதுவதையே நிறுத்திவைத்தால் நல்லது என்பது என் கட்சி.

கரண்ட் பில்லையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 24 மணி நேரமும் ஓடும் பழைய பி.சி. சுமார் 65 வாட் இழுத்தது. ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட், இரண்டு மாதத்துக்குத் தொண்ணூறு யூனிட்டுக்கு மேல். எங்கள் வீடு வழக்கமாக 430 யூனிட் ஓடும். பெட்டி வந்ததும் 500ஐத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் 500ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமில்லை, கீழே உள்ள யூனிட்டுக்கும் விலை மாறிவிடும். ஒரு பில்லுக்கு எண்ணூறு ரூபாய்க்கு மேல் எகிறியது. இரண்டு பில் அப்படிக் கட்டினேன். எல்லாம் சேர்த்து 12,000 சொச்சம்.

டிசம்பர் 3 ராத்திரி மிக்ஜாம் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் போய்விட்டது. எங்கள் பக்கம் 6ஆம் தேதி சாயங்காலம்தான் வந்தது. விளக்கு எரிந்ததும் எல்லோரும் போனைத் தூக்கினார்கள். வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை. மொபைல் டவரும் அப்போது வருவதும் போவதுமாக இருந்தது. எண்ணூரில் இருக்கும் என் மச்சினி வீட்டுக்குள் தண்ணீரோடு எண்ணெயும் வந்துவிட்டது என்று ஒரு செய்தி மட்டும் வந்து, அதற்கு மேல் தொடர்பு இல்லை. மனைவி அழுதுகொண்டிருக்கிறாள். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பி.சி. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, அது மேலே எழவில்லை. கரண்ட் திடீரென்று போனதில் ஹார்ட் டிஸ்க்கில் ஏதோ கோளாறு, திரையில் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறது போலிருக்கிறது. அந்தத் திரையைப் பார்க்க வீட்டில் மானிட்டரே கிடையாது. பெரியவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். “அப்பா, இந்த ஒயரைக் கழட்டி நேரா ரவுட்டர்ல சொருகுனா என்ன?” என்றான். கழற்றினான், சொருகினான். அரை நிமிஷத்தில் எல்லாப் போனும் கிணுகிணுத்தன. மச்சினி மாடியில் பத்திரமாக இருப்பதாகக் குரல் செய்தி வந்திருந்தது. அந்த ஒயர் திரும்பப் பெட்டிக்குள் போகவில்லை.

இப்போது வீட்டில் இருப்பது காசில்லாத ஏற்பாடு. தளத்தின் பெயரைச் சொன்னால் அது இருக்கும் எண் முகவரியைச் சொல்லும் சேவைக்கு டி.என்.எஸ். என்று பெயர். கிளவுட்ஃபிளேர் என்ற இணையக் கம்பெனி 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென்று விட்ட டி.என்.எஸ். முகவரி 1.1.1.3. ஆபாசத் தளம், வைரஸ் தளம் என்று அவர்கள் பட்டியலில் உள்ள பெயர்களுக்கு வழி சொல்லாது. ஃபைபர் கம்பெனிப் பெட்டியில் டி.என்.எஸ். மாற்றும் இடம் மங்கலாக்கப்பட்டு இருந்தது, அதனால் எங்கள் சொந்த ரவுட்டரில் போட்டேன். போட்டும் சில போன்களில் தடை வேலை செய்யவில்லை. ஐ.பி.வி6 என்ற புதிய முகவரி முறை வழியாக ஃபைபர் கம்பெனியின் டி.என்.எஸ். தனியாக வந்துகொண்டிருந்தது. ரவுட்டரில் அந்தப் பகுதிக்கும் கிளவுட்ஃபிளேரின் குடும்ப முகவரியைக் கொடுத்த பிறகுதான் சரியானது. போனில் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்ற இடத்தில் வேறு பெயர் அடித்தால் இதையும் தாண்டலாம், போக்குவரத்தை மூடி வேறு வழியில் அனுப்பும் வி.பி.என். போட்டாலும் தாண்டலாம். யூடியூபுக்குள் என்ன ஓடுகிறது என்று இதற்கும் தெரியாது. சின்னவள் டேப்லெட்டில் கூகுளின் ஃபேமிலி லிங்க் போட்டிருக்கிறேன், புது ஆப் வேண்டுமென்றால் என் போனுக்குக் கேள்வி வரும். பெரியவனுக்கு எதுவும் போடவில்லை. தெரியாமல் எதிரே வந்து நிற்கிற அசிங்கத்தைத் தடுக்க இவ்வளவு போதும். தேடிப் போகிறவரைத் தடுக்க எனக்குத் தெரிந்த பெட்டி எதுவும் இல்லை.

பி.சி.யைப் பொங்கலுக்கு முன்னால் பழைய சாமான் கடையில் 1,500க்குத் தள்ளிவிட்டேன். வந்த வரைக்கும் லாபம் என்று நினைத்தேன். ஏப்ரலில் மனைவி போனை நீட்டி, “இது ரொம்ப நாளா இப்படியே காட்டுதுங்க, என்னான்னு பாருங்க” என்றாள். ‘இந்த நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்’ என்று ஒரு வரி. நாங்கள் ஏற்றிய போலி மூலச் சான்றிதழ் எல்லாப் போனிலும் அப்படியே இருக்கிறது. அதற்கான ரகசியச் சாவி எங்கே? அழிக்காமல் விற்ற அந்த ஹார்ட் டிஸ்க்கில். சாவி கையில் கிடைத்தவன், நம் போக்குவரத்துக்கு நடுவில் வந்து நின்றால், எங்கள் போன்களின் பிரவுசரிடம் எந்த வங்கித் தளமாகவும் நடிக்கலாம். கடைக்கு ஓடினேன். பி.சி. எப்போதோ கை மாறிவிட்டது. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு போனாக வாங்கி, பாதுகாப்பு அமைப்புக்குள் பயனர் சான்றிதழ்கள் என்ற இடத்தைத் தேடி நீக்கினேன். நான்கு போன், ஒரு டேப்லெட். பெரியவன் தன் போனைக் கொடுக்கும்போது, “என்னுது அன்னைக்கே எடுத்துட்டேன்ப்பா” என்றான். எந்த நாள் என்று நான் கேட்கவில்லை.